கையிருப்பு எதை ஆள்கிறது? பாலூட்டிகளின் சினைப்பையில் எண்ணிக்கையும் வளர்ச்சியும்

மனிதப் பெண் கரு தாயின் வயிற்றில் இருபதாவது வாரத்தைத் தொடும்போது அதன் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பூப்படையும் வயதில் 3 முதல் 4 லட்சம், மாதவிடாய் நிற்கும் தறுவாயில் ஏறத்தாழ ஆயிரம். இவற்றில் சினைப்பையை விட்டு வெளியேறிக் கருவாகும் வாய்ப்பைப் பெறுபவை 400 முதல் 500 வரைதான். மற்றவை எல்லாம் வளராமலோ பாதி வளர்ந்தோ அழிகின்றன. பிறப்பின்போது இருந்ததில் ஆயிரத்துக்கு ஒன்றுகூடப் பயன்படுவதில்லை என்றால், அவ்வளவு பெரிய இருப்பு எதற்கு? அது பெரிதாக இருப்பதாலோ சிறிதாக இருப்பதாலோ மாதந்தோறும் நடக்கும் முட்டை வளர்ச்சியில் என்ன மாறுகிறது? மகப்பேறு மருத்துவர்களும் கால்நடை ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியை நூறாண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு பக்கங்களிலிருந்து அணுகி வந்திருக்கிறார்கள்.

கையிருப்பை வங்கிச் சேமிப்பாகச் சொல்லி விளக்குவது வழக்கம். பணம் போட்டாயிற்று, இனி எடுக்க மட்டுமே முடியும், தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்பார்கள். தொகை வளராது என்ற அளவில் அந்த உவமை சரி. ஆனால் வங்கி இருப்பு, இந்த மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்று தானே தீர்மானிப்பதில்லை. சினைப்பையின் இருப்போ தன் செலவைத் தானே பெருமளவு தீர்மானிக்கிறது. கிடைத்திருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று நிலைகள் தெரிகின்றன. எத்தனை முட்டைகள் வளரத் தொடங்கும் என்பதைக் கையிருப்பின் அளவு ஆள்கிறது. இருப்பில் எத்தனை சதவீதம் கிளம்பும் என்பதை வயதும் உள்ளூர்த் தடைகளும் ஆள்கின்றன. இறுதியில் எத்தனை வெளியேறும் என்பதை மூளையடிச் சுரப்பிக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் பேச்சு ஆள்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் கையிருப்பைப் பற்றிய மிகையான அச்சமும் மிகையான நம்பிக்கையும் பிறக்கின்றன.

முதலில் அடிப்படை அமைப்பைப் பார்க்கலாம். ஒவ்வொரு முட்டையும் தன்னைச் சுற்றித் துணைச் செல்களின் உறையோடு இருக்கிறது. ஸ்கேன் மையங்களில் ஃபாலிக்கிள் எனப்படும் அந்த அமைப்பை இங்கே நுண்பை என்போம். கையிருப்பு என்பது தட்டையான ஒற்றை வரிசைச் செல்கள் சூழ உறங்கும் நுண்பைகளின் மொத்தம். உறக்கம் கலைந்தால் துணைச் செல்கள் பெருகி அடுக்கடுக்காகின்றன, முட்டை பருக்கிறது, பிறகு உள்ளே திரவம் நிறைந்த குழி உருவாகிறது. உறக்கம் கலைவதிலிருந்து குழி தோன்றும் வரையிலான நீண்ட பகுதிக்கு மூளையடிச் சுரப்பியின் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் கட்டாயமில்லை. மனிதரில் 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவை எட்டிய பிறகே நுண்பை அந்த ஹார்மோனை நம்பி வாழ்கிறது. அந்தக் கட்டத்தில் ஒரு கூட்டமாகப் போட்டியிடுபவற்றுள் ஒன்று முந்திச் சென்று, 20 மில்லிமீட்டரை நெருங்கும்போது முட்டையை வெளியேற்றுகிறது. மற்றவை மடிகின்றன. ஆகவே வளர்ச்சி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நிகழ்வுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று சினைப்பைக்குள் ஓசையின்றி நடக்கும் தொடக்கம், மற்றொன்று ஹார்மோன் சுழற்சிக்குக் கட்டுப்பட்ட தேர்வு.

தொடக்கத்தைப் பொறுத்தவரை, உறக்கம் என்பது சும்மா இருத்தல் அல்ல, இடைவிடாமல் காக்கப்படும் ஒரு தடை என்பது சுண்டெலி ஆய்வுகளால் உறுதியானது. 2003இல் டியாகோ காஸ்ட்ரில்லன் குழுவினர் ஃபாக்ஸோ3 என்ற மரபணு இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, இருப்பிலிருந்த நுண்பைகள் எல்லாம் ஒரே வீச்சில் விழித்து வளரத் தொடங்கின. சில வாரங்களில் சினைப்பை வெறுமையானது, எலிகள் இளமையிலேயே மலடாயின. 2008இல் முட்டைச் செல்லிலிருந்து பிடென் என்ற மரபணுவை மட்டும் நீக்கியபோதும் அதுவே நடந்தது. இந்தத் தடைகள் முட்டைக்கு உள்ளே இருப்பவை. வெளியிலிருந்தும் தடை வருகிறது. வளரும் நுண்பைகள் சுரக்கும் ஏஎம்ஹெச் ஹார்மோன் உறங்குபவற்றை உறங்கவே வைக்கிறது. 1999இல் டர்லிங்கர் குழுவினர் அந்த ஹார்மோன் இல்லாத சுண்டெலிகளைப் பார்த்தபோது, நான்கு மாத வயதில் வளரும் நுண்பைகள் மிகுந்தும் உறங்குபவை குறைந்தும் இருந்தன. உறங்கும் நுண்பைகளும் ஒன்றையொன்று அடக்கிவைப்பதாகத் தெரிகிறது. லண்டன் ஆய்வாளர்கள் 2009இல் சினைப்பையில் நுண்பைகள் அமைந்திருக்கும் இடங்களைக் கணக்கிட்டு, அருகில் உறங்கும் அண்டை நுண்பை இருந்தால் ஒரு நுண்பை விழிக்கும் வாய்ப்பு குறைகிறது என்று காட்டினார்கள். நெருக்கம் அதிகமானால் தடையும் அதிகம். அப்படியென்றால் கையிருப்பே தன் கட்டுப்பாட்டின் ஒரு பகுதியாக இருக்கிறது.

இருப்பின் அளவு மாறினால் வளரத் தொடங்கும் எண்ணிக்கையும் மாறுகிறதா என்பதை 1969இலேயே டென்மார்க் ஆய்வாளர்கள் க்ரருப், பெடர்சன், ஃபாபர் ஆகியோர் சுண்டெலிகளில் கேட்டார்கள். மாறுகிறது, வளரத் தொடங்குபவற்றின் எண்ணிக்கை இருப்பைச் சார்ந்தது என்பது அவர்கள் கண்ட விடை. மனிதரிலும் வாலஸ், கெல்சி இருவரும் 2010இல் வெளியிட்ட மாதிரிக் கணக்கின்படி, உறக்கத்திலிருந்து வளர்ச்சிக்குச் செல்லும் எண்ணிக்கை ஏறத்தாழ 14 வயதில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்குகிறது. அவர்கள் கணக்கில், பெரும்பாலான பெண்களுக்கு 30 வயதில் பிறப்புக்கு முந்தைய உச்ச இருப்பில் 12 சதவீதமும் 40 வயதில் 3 சதவீதமும்தான் எஞ்சுகின்றன. இருப்பு சரியும்போது மாதாந்தரச் செலவும் சேர்ந்தே சரிகிறது. ஆனால் சதவீதம் வேறு கதை. ஃபாடி குழுவினர் 1992இல் மனிதச் சினைப்பைகளின் எண்ணிக்கைகளைத் தொகுத்து, ஏறத்தாழ 37 வயதுக்குப் பின், இருப்பு 25,000ஆக இறங்கும்போது, இழப்பு வேகம் இரு மடங்குக்கு மேல் கூடுகிறது என்றார்கள். பழைய வேகமே நீடித்திருந்தால் மாதவிடாய் 71 வயது வரை நீண்டிருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. 2008இல் ஹான்சன் குழுவினர் திடீர்த் திருப்பம் எதுவும் இல்லை, வேகம் வயதோடு சீராகக் கூடிக்கொண்டே போகிறது என்று திருத்தினார்கள். இரு தரப்பும் ஒப்புவது ஒன்று: வயது ஏற ஏற, எஞ்சியிருப்பதில் பெரிய பங்கு கிளம்புகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வயதும் இருப்பும் கைகோத்தே நகர்கின்றன. அப்படியிருக்க, செலவைத் தீர்மானிப்பது வயதா இருப்பா என்று எப்படிப் பிரித்தறிவது? இரண்டையும் பிரித்துக் காட்டும் சான்று, ஒரு சினைப்பையை அறுவைச் சிகிச்சையில் இழந்த பெண்களிடம் கிடைக்கிறது. அவர்களுடைய இருப்பு ஒரே நாளில் பாதியாகிறது, வயது மாறுவதில்லை. மாதந்தோறும் இவ்வளவு என்று ஒரு நிலையான எண்ணிக்கை வெளியேறுவதாக இருந்தால், 30 வயதில் பாதி இருப்பை இழந்தவருக்கு மீதமுள்ள இருபது ஆண்டுகளில் பாதி போய், 40 வயதிலேயே மாதவிடாய் நின்றிருக்க வேண்டும். இருப்பு 25,000க்குக் கீழ் இறங்கியதும் வேகம் கூடும் என்ற விதி எண்ணிக்கையை மட்டும் சார்ந்ததாக இருந்தாலும், ஆறேழு ஆண்டுகள் முந்தியிருக்க வேண்டும். நார்வேயில் 23,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்து 2014இல் வெளியான ஆய்வில் தெரிந்த வித்தியாசமோ ஏறத்தாழ ஓராண்டுதான். இருப்பு பாதியானதும் வெளியேறும் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைந்திருந்தால் மட்டுமே இது சாத்தியம். எண்ணிக்கையை இருப்பும் சதவீதத்தைப் பெரும்பாலும் வயதும் தீர்மானிக்கின்றன என்ற பிரிவினை இங்கே தெளிவாகிறது. ஏஎம்ஹெச் குறைந்தால் தடை தளர்ந்து இருப்பு விரைந்து தீரும் என்று சுண்டெலியிலிருந்து நேராக மனிதருக்கு வரும் முடிவுக்கும் இது ஓர் எச்சரிக்கை. அந்தத் தடை மனிதரில் இருக்கலாம், ஆனால் அது மட்டுமே ஆளவில்லை.

இறுதிக் கட்டத்தைப் பற்றிய மிகப் பழைய சோதனை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்த அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் இரண்டு பெண் பன்றிகளில் ஒன்றின் ஒரு சினைப்பையை எடுத்துவிட்டு, இரண்டையும் இனவிருத்திக்கு விட்டுக் குட்டிகளை எண்ணி, முடிவை 1787இல் வெளியிட்டார். ஒற்றைச் சினைப்பைப் பன்றி எட்டு ஈத்தில் 76 குட்டி ஈன்று ஆறு வயதளவில் நின்றது. முழுமையான பன்றி எட்டு வயதளவு வரை தொடர்ந்து, 13 ஈத்தில் 162 குட்டி ஈன்றது. ஓர் ஈத்துக்கான சராசரியைப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்பதரை, மற்றதற்குப் பன்னிரண்டரை. பாதி இருப்பைக் கொண்டு பாதிக் குட்டிகள்தான் வரும் என்ற எதிர்பார்ப்பு ஈத்தளவில் பொய்த்தது, இனவிருத்திக் காலம்தான் சுருங்கியது. இரண்டே விலங்குகள் என்பதால் இதை நிரூபணமாகக் கொள்ள முடியாது. ஆனால் 1920களில் லிப்ஷூட்ஸ் சினைப்பை ஆய்வுகளிலிருந்து வகுத்த நுண்பை நிலைத்தன்மை விதி இதே திசையில் நின்றது: சினைப்பைத் திசு எவ்வளவு எஞ்சினாலும், ஒரு சுழற்சியில் முதிரும் நுண்பைகளின் எண்ணிக்கை அந்த இனத்துக்கு உரிய அளவிலேயே நிற்க முயல்கிறது.

இந்த நிலைத்தன்மை எப்படிக் காக்கப்படுகிறது? வளரும் நுண்பைகள் இன்ஹிபின், ஈஸ்ட்ரோஜன் ஆகியவற்றைச் சுரந்து எஃப்எஸ்ஹெச்சை அடக்குகின்றன. போட்டிக்கு வரும் நுண்பைகள் குறைந்தால் அடக்குவதற்கு ஆள் குறைகிறது, எஃப்எஸ்ஹெச் உயர்கிறது, எஞ்சியவற்றுக்குக் கூடுதல் ஊட்டம் கிடைத்து ஒன்றாவது முதிர்ந்துவிடுகிறது. இந்தச் சமன்பாடு தன் எல்லையை நெருங்கும்போது தவறுவதும் உண்டு, அந்தத் தவறே விதிக்குச் சாட்சி சொல்கிறது. முப்பதுகளின் பிற்பகுதியில் இருப்பு வெகுவாகக் குறைந்திருக்கும் நிலையில், இரண்டு வெவ்வேறு முட்டைகளிலிருந்து பிறக்கும் இரட்டைக் குழந்தைகளின் விகிதம் குறையாமல் கூடுகிறது. உயர்ந்த எஃப்எஸ்ஹெச் சில மாதங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட நுண்பைகளை முதிரச் செய்வதே இதற்கு முக்கியக் காரணம். சிறிய இருப்பிலிருந்து பெரிய விளைச்சல் வருவதை, கையிருப்புதான் எல்லாவற்றையும் ஆள்கிறது என்ற கருத்தால் விளக்கவே முடியாது. இறுதி எண்ணிக்கை ஹார்மோன் பேச்சின் விளைவு என்றால் அது இயல்பாகவே விளங்குகிறது. தென் அமெரிக்காவின் சமவெளி விஸ்காச்சா என்ற கொறிவிலங்கு ஒரே சமயத்தில் 400 முதல் 800 முட்டைகளை வெளியேற்றுவதும், அந்த எல்லை இருப்பால் மட்டும் அல்லாமல் இனத்துக்கு இனம் வேறுபடும் கட்டுப்பாட்டால் அமைகிறது என்பதையே காட்டுகிறது.

ஒரே இனத்துக்குள் கையிருப்பின் பங்கைத் துலக்கமாகக் காட்டுவது பசு. பசுவின் சினைப்பருவச் சுழற்சியில் நுண்பைகள் இரண்டு அல்லது மூன்று அலைகளாக வளர்கின்றன. ஒரு அலையில் ஸ்கேனில் தெரியும் நுண்பைகள் ஒரு பசுவுக்குப் பத்துக்கும் குறைவாக இருக்கும், இன்னொன்றுக்கு ஐம்பதைத் தொடும். அயர்லாந்தின் இவான்ஸ், அமெரிக்காவின் ஜேம்ஸ் அயர்லாந்து, மோசா ஆகியோரின் ஆய்வுகள் இதை விரிவாகப் பதிவு செய்தன. அந்த எண்ணிக்கை அதே பசுவில் அலைக்கு அலை பெரிதாக மாறுவதில்லை. எண்ணிக்கை குறைந்த பசுக்களுக்குச் சினைப்பை சிறிது, உறங்கும் நுண்பைகள் குறைவு, ஏஎம்ஹெச் குறைவு, எஃப்எஸ்ஹெச் கூடுதல். இருந்தும் இரண்டு வகைப் பசுவும் வழக்கமாக ஒரு முட்டையைத்தான் வெளியேற்றுகின்றன. எருமை இன்னும் வியப்பானது. பசுவின் சினைப்பைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறங்கும் நுண்பைகள் இருக்க, எருமைக் கிடேரிகளில் கணக்கிடப்பட்டவை 10,000 முதல் 20,000 வரைதான். ஆனால் சினை பிடித்த எருமை ஈனுவதும் ஒரு கன்றுதான், பசுவைப் போல. இருப்பு தாயின் கருப்பைக்குள்ளேயே நிர்ணயமாவதையும் பசுக்களே காட்டின. கருவுற்ற காலத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கில் தேவையில் 60 சதவீதத் தீவனம் மட்டும் பெற்ற பசுக்களின் பெண் கன்றுகளுக்கு, வளர்ந்த பின் ஸ்கேனில் தெரிந்த நுண்பைகள் மற்றவற்றைவிட 60 சதவீதம் குறைவு என்று மோசா குழுவினர் 2013இல் தெரிவித்தனர். கன்றுகளின் பிறப்பு எடையில் அந்தக் குறை தெரியவில்லை.

இந்த வாதத்தின் அடித்தளத்தையே கேள்வி கேட்பவர்களும் உண்டு. இருப்பு மாறாதது என்பதே தவறு, புதிய முட்டைகள் வாழ்நாள் முழுதும் உருவாகின்றன என்று 2004இல் ஜொனதன் டில்லி குழுவினர் நேச்சர் இதழில் வாதிட்டனர். 1951இல் சோலி சுக்கர்மன் முன்னிறுத்தி நிலைநாட்டிய கோட்பாட்டை அது உலுக்கியது. ஆனால் 2006இல் எலிகளின் இரத்த ஓட்டங்களை இணைத்துச் செய்த சோதனையில், இரத்தம் வழியாக வந்த செல்கள் முட்டையாவதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2020இல் மனிதச் சினைப்பையின் புறணியைத் தனித்தனிச் செல்களாக ஆராய்ந்தபோதும் புதிய முட்டைகளை உருவாக்கும் குருத்தணுக்கள் தென்படவில்லை. பாலூட்டிகளில் இதற்கு விலக்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. முப்பது ஆண்டுக்கு மேல் வாழும் ஆப்பிரிக்காவின் மயிரற்ற மோல் எலியில் முட்டை உருவாக்கம் பிறப்புக்குப் பின்னும் தொடர்கிறது, எட்டு நாள் வயதில் ஏறத்தாழ 15 லட்சம் செல்கள் இருக்கின்றன என்று 2023இல் தெரியவந்தது. அந்த விலக்கு இருப்பின் அளவை மாற்றுகிறது, இருப்புக்கும் செலவுக்கும் உள்ள உறவை அல்ல.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. எண்ணிக்கை இருக்கட்டும், தரம் என்ன ஆவது என்பது அது. வயது கூடும்போது முட்டையின் குரோமோசோம்களைப் பிணைத்து வைக்கும் புரதம் தளர்ந்து, பிரிவில் பிழைகள் மிகுகின்றன. இது முக்கியமாக ஆண்டுகளின் வேலை, எண்ணிக்கையின் வேலை அல்ல. ஆனால் 1984இல் புரூக், காஸ்டன், சாண்ட்லி ஆகியோர் ஒரு சினைப்பை நீக்கப்பட்ட சுண்டெலிகளில் குரோமோசோம் பிழைகள் உள்ள கருக்கள் முன்கூட்டியே கூடியதைக் கண்டனர். எனவே இருப்பு தீரும் தறுவாயில் தரத்தையும் தொடுகிறது என்பதை மறுக்க இயலாது, அந்தத் தொடர்பு எல்லா வயதிலும் இயங்குகிறது என்று நீட்டுவதற்குத்தான் ஆதாரமில்லை. வட கரோலினாவில் கருத்தரிப்புச் சிக்கல் எதுவும் முன்பு இல்லாத, 30 முதல் 44 வயது வரையிலான 750 பெண்களைத் தொடர்ந்து 2017இல் வெளியான ஆன் ஸ்டெய்னர் குழுவின் ஆய்வில், ஏஎம்ஹெச் குறைந்தவர்கள் இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்திருக்கவில்லை. மாடுகளிலும் இதே முரண் தென்படுகிறது. ஹோல்ஸ்டீன் கறவைகளில் குறைந்த நுண்பை எண்ணிக்கையோடு குறைந்த சினைவிகிதம் சேர்ந்து வருவதாகச் சில ஆய்வுகள் சொல்ல, ஓங்கோல் மாட்டின் வழிவந்த பிரேசிலின் நெல்லோர் இனத்தில் குறைந்த எண்ணிக்கை உள்ளவையே நன்றாகச் சினைபிடித்தன என்று வேறு சில கூறுகின்றன. எண்ணிக்கை நேரடியாகக் கருவளத்தை ஆண்டிருந்தால் இத்தகைய முரண் தோன்ற இடமில்லை.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. இறுதிக் கட்டத்தின் ஹார்மோன் கட்டுப்பாட்டை அகற்றினால் கையிருப்பின் செல்வாக்கு வெளிப்பட வேண்டும். சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு செய்வது அதைத்தான். எஃப்எஸ்ஹெச் ஊசி வெளியிலிருந்து ஏறும்போது, உடல் தன் ஹார்மோனைக் குறைத்துத் தேர்வை ஒன்றுக்குச் சுருக்க முடிவதில்லை. போட்டிக்கு வந்தவை எல்லாமே வளர்கின்றன. அப்போது ஏஎம்ஹெச் அளவு, கிடைக்கப்போகும் முட்டைகளின் எண்ணிக்கையை நன்றாகக் கணிக்கிறது. பசுக்களுக்கு அதே ஊசியைப் போட்டுப் பல கருக்களை எடுக்கும்போதும் நுண்பை எண்ணிக்கை மிகுந்தவையே கூடுதல் கருக்களைத் தருகின்றன. இயல்பான கருத்தரிப்பைக் கணிக்கத் தவறும் அதே அளவுகோல் ஊசி போட்டதும் கணிக்கத் தொடங்குவது ஏன் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை. தொடக்கக் கட்டத்தின் தடையை அகற்றினாலும் இதே போன்ற வெளிப்பாடு உண்டு. ஜப்பானில் கவமுரா குழுவினர் 2013இல், இளவயதிலேயே மாதவிடாய் நின்றவர்களின் சினைப்பைத் திசுவைத் துண்டாக்கி மருந்தூட்டித் திரும்பப் பொருத்தி, உறங்கிய எஞ்சிய நுண்பைகளை வளரச் செய்தனர். அவர்களில் ஒருவர் குழந்தையும் பெற்றார். ஆனால் உறங்கும் நுண்பை ஏதுமில்லாத திசுவில் இந்த முறையால் எதையும் எழுப்ப முடியாது. தடையை நீக்கலாம், இருப்பை உண்டாக்க முடியாது.

கையிருப்புப் பரிசோதனை என்று விற்கப்படும் ஏஎம்ஹெச் சோதனையை இந்த வெளிச்சத்தில்தான் மதிப்பிட வேண்டும். அந்த ஹார்மோனைச் சுரப்பது உறங்கும் நுண்பைகள் அல்ல, வளரும் சிறிய நுண்பைகள். எத்தனை வளர்ந்துகொண்டிருக்கின்றன என்பதை அளந்து, எத்தனை உறங்குகின்றன என்று ஊகிக்கிறோம். தொடக்கக் கட்டம் இருப்பைப் பின்தொடர்வதால் அந்த ஊகம் பொதுவாகப் பொருந்துகிறது. ஊசி போட்டு முட்டை எடுக்கத் திட்டமிடுபவருக்கும், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன்பு சினைப்பைத் திசுவைச் சேமிக்க நினைப்பவருக்கும் அது பயன்படும் தகவல். கருத்தரிப்பில் சிக்கல் இல்லாத ஒரு பெண்ணிடம் இந்த எண்ணைக் காட்டி, இந்த ஆண்டே குழந்தை பெற்றால்தான் உண்டு என்று சொல்வது சான்றுக்கு எதிரானது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் 2019இல், அத்தகையவர்களின் இயல்பான கருவளம் குறித்து ஆலோசனை சொல்ல இந்தச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. கால்நடைத் துறைக்கும் இதே பாடம் பொருந்தும். கரு மாற்றத்துக்கு முட்டை கொடுக்கும் பசுவைத் தேர்வு செய்ய நுண்பை எண்ணிக்கை உதவும், சாதாரண முறையில் சினைபிடிக்கும் பசுவைக் கழித்துக்கட்ட அது போதிய காரணமல்ல.

கையிருப்பு பாலூட்டிக்குத் தருவது ஒரு சுழற்சியின் விளைச்சல் அல்ல, எத்தனை சுழற்சிகள் என்ற நீளமும், வழியில் ஏற்படும் இழப்பைத் தாங்கும் சக்தியும்தான். பெரிய இருப்பு நிறையத் தொடங்கி நிறைய வீணாக்குகிறது, சிறிய இருப்பு குறைவாகத் தொடங்கிக் குறைவாக வீணாக்குகிறது, இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையை வெளியேற்றுகின்றன. ஆயிரத்துக்கு ஒன்றுகூடப் பயன்படாத அந்தப் பெருக்கம் இந்தக் கோணத்தில் விரயமல்ல, இறுதித் தேர்வு தவறாமல் நடப்பதற்குத் தேவையான அகலம். இனிக் கேட்கவேண்டிய கேள்வி எத்தனை முட்டைகள் எஞ்சியிருக்கின்றன என்பது மட்டுமல்ல. எஞ்சியவற்றில் ஆண்டுதோறும் எந்தப் பங்கு கிளம்புகிறது, அந்தப் பங்கு வயதோடு ஏன் கூடுகிறது என்பதுதான் விடை தேடவேண்டிய இடம்.